பாத்துமுத்து அவிழ்க்காத முடிச்சு

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நீட்டி எழுத வராது. மறியல்சாலையில் பெண் கைதிகள் பக்கத்துக் காவலாக இருந்து ஓய்வு பெற்றேன். புதிதாக உடுப்புப் போட்டிருக்கிற பிள்ளைகள் நீங்கள். பூட்டும் திறப்பும் ஆள் எண்ணுவதும் தானாகப் பழகிவிடும். அவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவளை வைத்திருந்த மாதங்களில்தான் எனக்கு இந்த வேலை விளங்கியது.

யுத்தக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம். குண்டு விழுந்ததும் ஊர் கலைந்தது. சட்டி பானையோடு கந்தளாய் றோட்டில் நடந்தவர்கள் பாதி. நிலாவெளி, திரியாய் என்று சொந்தங்களைத் தேடிப் போனவர்கள் மீதி. மறியலை விட்டு நாங்கள் போக ஏலாது. இருந்தோம்.

ஊரில் இன்னொருத்தியும் போகவில்லை. பெயர் பாத்துமுத்து. மூதூர்ப் பெண். இங்கே கலியாணம் முடித்து, ஜெற்றிக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் அப்பம் சுட்டு விற்றாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே புருசன் காய்ச்சலில் போய்விட்டான். குண்டு விழுந்த அன்று அவளுக்குப் பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியவில்லை. எங்கே போவாள்? கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு கிடந்தாள்.

ஓடின சனம் அவள் வீட்டுக் கதவைத் தட்டியது. தூக்க முடியாத சாமானை அவளிடம் தந்துவிட்டு ஓடியது. தமிழரும் தந்தார்கள், சோனகரும் தந்தார்கள், துறைமுகத்தில் வேலை செய்த மலையாளத்தாரும் தந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிச் சுவரோரமாக அடுக்கினாள்.

அவளுடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நம்பித் தந்த பொருளுக்கு அமானிதம் என்று பெயர். தந்தவர் வந்து கேட்கும்வரை வைத்திருக்க வேண்டும். அவிழ்க்கக் கூடாது. என்ன பொருள் என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

சனம் மெல்லத் திரும்பி வந்தது. ஒவ்வொருவராகத் தங்கள் பொதியை எடுத்துப் போனார்கள். ஒரு பொதிக்கு மட்டும் ஆள் வரவில்லை. அந்த நேரத்தில்தான் யாரோ கோள் சொல்லி, அபின் பிடிக்கிற எக்சைஸ்காரர் வீட்டுக்குள் வந்தார்கள். பொதியை அவிழ் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். அவர்களே அவிழ்க்கக் கை வைத்ததும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை இடுப்பில். இழுத்து அப்பால் விட்டார்கள். முடிச்சு இளகவில்லை. கத்தியால் வெட்டினார்கள். உள்ளே மற்றச் சாமானோடு ஒரு தகரப் பேணி நிறைய அபின்.

நீதவான் கேட்டது ஒரே கேள்வி. உள்ளே இருப்பது தெரியாதவள் ஏன் இப்படி மல்லுக்கட்டினாள்? நியாயமான கேள்விதான். தந்தவர் பெயரைச் சொல் என்று அவகாசமும் தந்தார். அவள் சொல்லவில்லை. ஒரு வருடம் போட்டார். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஆட்கள் குறைவு. கசிப்புச் சாராயம் காய்ச்சிப் பிடிபட்ட அன்னம்மா என்று ஒருத்தி இருந்தாள். வாய்க்காரி. இவளுடைய கதையைக் கேட்டுவிட்டு,

“அடி ராசாத்தி, நீ இப்பிடி ஆளெண்டு தெரிஞ்சிருந்தால் என்ர பானையையும் உன்னட்டத் தந்திருப்பனே. நான் இஞ்ச வந்திருக்கத் தேவையில்லை” என்றாள்.

பாத்துமுத்து சிரிக்கவில்லை. “தந்திருந்தா வெச்சிருப்பன் அக்கா. வாயக் கட்டித் தந்திருக்கோணும்” என்றாள்.

பானையின் வாயா தன் வாயா என்று அன்னம்மா கேட்டாள். அன்றைக்குப் பெண்கள் பக்கம் சிரித்தது. அதிலிருந்து அன்னம்மாதான் பிள்ளைக்கு முதல் ஆள். பிள்ளை பெட்டைக் குழந்தை. கறுப்பாய், கொழுகொழுவென்று இருந்தது. நானும் தூக்குவேன். காவல் தூக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

எங்கள் ஜெயிலர் ஐயா வயதான மனிதர். பெயர் வேண்டாம். அதிகம் கதைக்க மாட்டார். இந்த வேலைக்கு என்னைப் பழக்கியவர் அவர்தான். பழக்கியது என்றால் பக்கத்தில் நின்றது மட்டும்.

ஒருநாள் எக்சைஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். இளம் ஆள். கெட்டவர் இல்லை. கப்பல்களில் அபின் வந்து இறங்குகிறது, அடிவேரைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. பாத்துமுத்துவின் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தால் போதும். ஜெயிலர் ஐயாவின் அறையில் என்னையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

“பிள்ளையை ஒரு பகல் இந்தப் பக்கம் எடுத்து வையுங்கோ. அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம். பின்னேரத்துக்குள்ள தாய் தானாச் சொல்லுவாள்.”

ஜெயிலர் ஐயா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, ஏலுமா?”

“ஏலாது ஐயா.”

“ஏன் ஏலாது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பால் குடிக்கிற பிள்ளை.”

வேறு ஒன்றும் எனக்கு வரவில்லை. சட்டம் தெரியாது. யோசித்துச் சொல்ல நேரமும் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். பெரியவர்கள் இரண்டு பேர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல பதில் தேடாதீர்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்லுங்கள்.

ஜெயிலர் ஐயா எழும்பினார். “கேக்கிறது உங்கட வேலை தம்பி. வச்சிருக்கிறது எங்கட வேலை. ரெண்டையும் ஒராள் செய்யப்படாது” என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. போகும்போது வாசலில் என்னிடம், அவளைப் பார்க்க யார் வந்தாலும் உடனே தனக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்பீல் போட நாள் போய்க்கொண்டிருந்தது. பள்ளிவாசல் ஆட்கள் வழக்குப் பார்க்க ஒரு பிரக்கிராசியாரைப் பேசி அனுப்பினார்கள். நல்ல சட்டத்தரணி என்று பெயர். கம்பிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்து அவளிடம் விளக்கமாகச் சொன்னார். பொருள் உன் வீட்டில் இருந்தது. நீ அதை விடாமல் பிடித்தாய். கொழும்பில் பெரிய நீதிபதி நம்ப வேண்டுமென்றால் தந்தவன் யார் என்று காட்ட வேண்டும். பெயரைத் தா, மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

“பேரில்லாமல் நான் என்னத்தை எழுதுறது?” என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல ஏலாது. அவர் ஒரு பிடியைத் தேடினார். இவள் கொடுக்கவில்லை.

நான் ஜெயிலர் ஐயாவிடம் போய் நின்றேன். விசயத்தைச் சொன்னேன். மறியலுக்குள் இருந்தே அப்பீல் போட அவளுக்கு உரிமை உண்டு என்றார். கிளாக்கரிடம் விடாமல் தானே வந்து அவளுக்கு முன்னால் இருந்தார்.

“நீ சொல்லுறதைச் சொல்லு. அதைத்தான் எழுதுவன்.”

அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “பொருள் என்ட இல்ல. ஒராள் தந்து வெச்சது. நான் அவுக்கல்ல. தந்தவர்ர பேரச் சொல்ல மாட்டன்.”

அவர் அப்படியே எழுதினார். கடைசி வசனத்தைக் கண்டு எனக்குப் பயம் பிடித்தது. அதை விட்டுவிடலாமே ஐயா என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

“அதுவும் அவள் சொன்னதுதானே?”

அவள் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். கடதாசி கொழும்புக்குப் போனது.

அப்பீல் முடியும்வரை பிணையில் போகலாம். அபின் வழக்கு என்றதால் பிணை நிற்க ஊரில் ஆள் பிடிக்க முடியவில்லை. காத்திருந்தோம். காத்திருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. டாக்குத்தர் வந்து மருந்து தந்தார். இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. நான் வீட்டிலிருந்து மல்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கண் மூடவில்லை. பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள்.

அன்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஆரோ ஒருத்தனுக்காகப் பெத்த பிள்ளையைக் கருக்கிறியே. நீயும் ஒரு தாயோ?” என்று ஏசினாள்.

பாத்துமுத்து நடையை நிற்பாட்டவில்லை. “அண்டைக்குக் குண்டில அவர் மவுத்தாயிருந்தா என்ன செய்ற? அவரால வந்து இல்லண்டும் சொல்லேலா, ஓமண்டும் சொல்லேலா. அவர்ர மேல நான் எப்பிடிப் போடுற?”

அன்னம்மா பிள்ளையை வாங்கித் தான் நடந்தாள்.

எனக்கும் அந்தப் பெயரைக் கேட்க ஆசை இருந்தது. என் மடியில் பிள்ளையின் கால் கொதிக்கும்போது ஆசை கூடியது. கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அதை எங்கே வைப்பேன்? இன்ஸ்பெக்டரிடம் வைப்பேனா, எனக்குள் வைப்பேனா? கைதியிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன் பதிலை எங்கே வைப்பது என்று யோசியுங்கள். இடம் இல்லையென்றால் கேட்காதீர்கள்.

காய்ச்சல் விட்டது. பிள்ளை மெலிந்துபோனது. ஆனால் குந்தி இருக்கப் பழகியது.

பிறகு ஒரு நாள், ஆட்களைப் பார்க்க விடுகிற நாள், மத்தியானம், ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். வயது போனவர். ஒரு கால் வளையவில்லை, தடி பிடித்திருந்தார்.

“மூதூர்ப் பிள்ளை ஒண்டு இஞ்ச இருக்காமே. அப்பம் சுடுற பிள்ளை.”

என்ன உறவு என்று கேட்டேன். யார் வந்தாலும் கேட்பது.

“உறவில்லை. என்ர சாமான் ஒண்டு அவவிட்டத் தந்து வச்சனான். வீட்டுக்குப் போனன், பூட்டிக் கிடக்கு. இஞ்ச எண்டு சொன்னாங்கள்.”

ஜெயிலர் ஐயாவின் கந்தோரில் ரெலிபோன் இருந்தது. இன்ஸ்பெக்டர் சொன்னதும் நினைவில் இருந்தது. ஆனால் வாசலில் நின்றவர் பார்க்க விடுகிற நாளில், பார்க்க விடுகிற நேரத்தில் வந்த ஒரு மனிதர். அதற்கு மேல் அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. பெயரைக் கேட்டேன். சின்னத்தம்பி என்றார், சல்லி என்ற ஊர். உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

பாத்துமுத்து அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டாள். கம்பியைப் பிடித்தாள்.

“அண்ணே, உசிரோட இரிக்கிங்களா?”

“இருக்கிறன் பிள்ளை. காலில பட்டது. திரியாயில கிடந்தனான்.”

அவள் அழத் தொடங்கினாள். தண்டனை கேட்ட அன்றும் அழாதவள்.

“என்னை மன்னிச்சிடுங்க அண்ணே. ஒங்கட முடிச்சைக் காப்பாத்தேலாமப் போயித்து. வெட்டிட்டாங்க. நான் விடல்ல. இழுத்துப் போட்டுத்தான் வெட்டினாங்க.”

பொதிக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். அவளையும் பிள்ளையையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கோ உன்னைப் பிடிச்சவங்கள்?”

“அது முடிஞ்ச கதை.”

“என்ர பேரைச் சொல்லேல்லையா?”

“நீங்க சொல்லச் சொல்லல்லியே.”

பிள்ளை கம்பிக்கு வெளியே கையை நீட்டி அவர் பிடித்திருந்த தடியைப் பிடித்தது. அவர் தடியை அதன் கையில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்தது என்று நான் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.

வெளியே வேப்பமரத்துக்குக் கீழ் போய் இருந்துவிட்டார். எங்கள் ஊரில் மான்கள் றோட்டில் திரியும். இரண்டு மான் கிட்ட வந்து மோந்து பார்த்துவிட்டுப் போயின. அவர் அசையவில்லை. நான் ஒரு பேணியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேட்காமலே சொன்னார். துறைமுகத்தில் கப்பலுக்கு நிலக்கரி சுமந்தவர். நெஞ்சு நோ. கப்பல்காரன் ஒருவன் அபின் பழக்கினான். பிறகு அது இல்லாமல் மூட்டை தூக்க ஏலாது என்று ஆகிவிட்டது. குண்டில் காலில் காயப்பட்டுத் திரியாயில் படுத்துக் கிடந்தபோது அது கிடைக்கவில்லை. செத்துப் பிழைத்தார். அத்தோடு அது விட்டுப்போனது.

“இப்ப அது எனக்கு வேண்டாம் பிள்ளை. மற்றச் சாமானை எடுக்கத்தான் வந்தனான்.”

நான் திரும்பி வாசலுக்கு வந்தேன். கூட நின்ற காவல்காரர் அந்த மனிதர் ஏன் அங்கே குந்திக்கொண்டிருக்கிறார் என்று கேட்டார். களைப்பு என்றேன்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். ரெலிபோன் எடுத்திருந்தால் இன்ஸ்பெக்டர் உடனே வந்திருப்பார். அந்த மனிதரிடம் போய், ‘எழும்பு, போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்’ என்றும் சொல்லியிருக்கலாம். எழும்பி ஓடிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. ஓடினால் பாத்துமுத்துவின் கதை முடிந்தது. அது தெரிந்துகொண்டுதான் நின்றேன். என் கண்ணை அவரிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் கிட்டப் போகவில்லை. அவள் இவ்வளவு காலம் பொறுத்தது அவர் தானாக வரட்டும் என்றுதான். நான் அதற்குள் கை வைக்க ஏலாது.

மர நிழல் நகர்ந்து வெயில் அவர் மேல் விழுந்தது. எழும்பினார். என்னிடம் வந்தார்.

“போலீசுக்கு எந்தப் பக்கம் பிள்ளை?”

பிறந்ததிலிருந்து அந்த ஊரில் திரிகிற மனிதர். போலீஸ் எங்கே என்று தெரியாதவர் இல்லை. நான் கையைக் காட்டினேன். தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

போலீசில் அவர் பேணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. முடிச்சைப் பற்றியும் சொன்னார். தோணிக்காரர் போடுகிற முடிச்சு, நனைத்து இறுக்கி மேலே தார் பூசியது, அவிழ்க்க ஏலாது, வெட்டத்தான் வேண்டும் என்று. முடிச்சை வெட்டித்தான் திறந்தோம் என்று எக்சைஸ்காரர் நீதவான் கோட்டில் சொன்னது அவருக்குத் தெரியாது.

பிரக்கிராசியார் திரும்பி வந்தார். இப்போது அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. சின்னத்தம்பியிடம் சத்தியக் கடதாசி வாங்கி அப்பீலோடு சேர்த்தார். கொழும்பில் நடந்ததை அவர்தான் வந்து எங்களுக்குச் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்த வேலை என்று அரசாங்க வக்கீல் வாதாடினாராம். இந்த மனிதரைப் பிடித்து வந்தார்களா, தானாக வந்தாரா என்று நீதிபதி கேட்டாராம். தானாக வந்தார் என்று பாத்துமுத்து பக்கத்து வக்கீல் சொன்னாராம். இவள் பெயரைச் சொல்லித்தான் வந்தாரோ என்று நீதிபதி திரும்பக் கேட்டாராம். இல்லை, பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அவளே அப்பீலில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிறகு எக்சைஸ்காரரின் சாட்சியத்தை வாசித்துவிட்டு, வெட்டித்தான் திறக்கலாம் என்ற பொதிக்குள் இருந்ததை இந்தப் பெண் எப்படி அறிந்திருப்பாள் என்று கேட்டாராம். தண்டனையைத் தள்ளிவிட்டார்.

இன்ஸ்பெக்டரும் ஒருநாள் வந்தார். என்னிடம் நேரே வந்து, “நீ எனக்குச் சொல்லியிருந்தால் நானே அவனைப் பிடிச்சிருப்பன்” என்றார்.

“ஓம் ஐயா.”

கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் உருட்டினார். “பிடிச்சிருந்தால் அவள் இன்னும் உள்ளதான் இருப்பாள்” என்று தானே சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மரியாதை கொடுக்கிறேன்.

சின்னத்தம்பியர் குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் குறைந்த தண்டனை. யாழ்ப்பாண மறியலுக்கு அனுப்ப எழுத்து வந்திருந்தது. பாத்துமுத்துவை விடுதலை செய்யும் கடதாசி வந்தபோது அவர் இன்னும் எங்களிடம் ஆண்கள் பக்கத்தில் இருந்தார். போகுமுன் ஒருமுறை பார்க்க விடுங்கள் என்று அவள் கேட்டாள். ஜெயிலர் ஐயா விட்டார்.

வாசலுக்குள் உள்ள சின்ன அறையில் நின்றார்கள். அன்னம்மா கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிள்ளைக்குக் கை காட்டினாள். சின்னத்தம்பியர் தன்னுடைய கொஞ்சச் சாமானை ஒரு துணியில் போட்டு வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக விருப்பமில்லை.

“பிள்ளை, இதையும் வச்சிருப்பியா?” என்று கேட்டார். கேட்கும்போது தலை நிமிரவில்லை.

“தாங்க அண்ணே.”

வாசலைத் தாண்டுகிற எதையும் காவல் திறந்து பார்க்க வேண்டும். அது சட்டம். நீங்களும் பார்க்க வேண்டும். யாருடைய பொருளாக இருந்தாலும் பார்க்க வேண்டும். நான் துணியை விரித்தேன்.

பாத்துமுத்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பிள்ளை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. அதன் தலையையும் கையால் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, “சரி” என்றேன். சின்னத்தம்பியர் முடிச்சைப் போட்டார். போட்டு முடிந்தது என்று சொன்ன பிறகுதான் அவள் திரும்பினாள். பிள்ளையை ஒரு இடுப்பிலும் பொதியை மற்ற இடுப்பிலும் வைத்துக்கொண்டு வாசலால் போனாள்.

உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.